இரண்டு இடுப்புகளும் ஒரு சிவப்புக் காரும்

கார் ஓட்டலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். ஆப்பரேஷன் முடிந்து ஆறு மாதம் ஆகிவிட்டது, மெதுவாக ஓட்டலாம் என்றார். காரின் உயரம் என்ன என்று அவர் கேட்கவில்லை. அது எனக்கும் அப்போது தெரியாது.

எனக்கு வலது இடுப்பில் மூட்டு மாற்றியிருந்தார்கள். தூத்துக்குடியில் எனக்கு உப்பளம் இருக்கிறது. கணவர் போன பிறகு ஜீப்பை நானே ஓட்டிக்கொண்டு போய் வேலையைப் பார்ப்பேன். பாத்தி வரப்பில் வழுக்கி விழுந்ததில் இடுப்பு எலும்பு கெட்டுப்போய், கடைசியில் இரும்பு வைக்கும்படி ஆனது. எண்பதுகளின் நடுவில் அது பெரிய சங்கதி. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் துருப்பிடிக்காதா என்று கேட்டார்கள். உப்பளக்காரியிடம் கேட்க வேண்டிய கேள்விதான்.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டிலில் கிடந்தவள் மாதம்மாள். தர்மபுரி மாவட்டம், பாப்பாரப்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம். புருஷன் இல்லை, அண்ணன் சின்னசாமியின் வீட்டோடு இருக்கிறாள். அவளுக்கு இடது இடுப்பு. இருவருக்கும் சேர்த்துச் சரியாக ஒரு ஜோடி நல்ல கால் இருந்தது. மூன்று வாரம் பக்கம் பக்கமாக மல்லாந்து கிடந்தால் பேசாத விஷயம் எதுவும் மிஞ்சாது. அவளுடைய ஒரே மகள் ராணி, நர்ஸ். ஒரு பஸ் கண்டக்டரைத் தானே பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டு சித்தேரி மலையில் இருக்கிறாள். பையன் பொம்மிடிப் பக்கத்துக் கத்தோலிக்கன். அந்தப் பேச்சையே வீட்டில் எடுக்கக் கூடாது என்று அண்ணன் சொல்லிவிட்டார். மகளின் கடிதம் வந்தால் பிரிக்காமலே கிழித்துவிடுவார்.

அதனால் ராணி எனக்கு எழுதுவாள். நான் அதை வேறு உறையில் போட்டு, என் கையெழுத்தில் முகவரி எழுதி மாதம்மாளுக்கு அனுப்புவேன். ஐம்பத்தேழு வயதில் நான் திருட்டுத் தபால் நிலையம் நடத்தியது என் மகனுக்குக்கூடத் தெரியாது.

தை மாதம் வந்த கடிதத்தில் ராணிக்கு ஏழாம் மாதம் என்று இருந்தது. வளையல் போட அம்மா வீட்டிலிருந்து யாரும் வர முடியாது, பரவாயில்லை என்றும் எழுதியிருந்தாள். அதை அனுப்பிப் பத்தாம் நாள் மாதம்மாளிடமிருந்து எனக்குப் பதில் வந்தது. "அண்ணன் வெள்ளிக்கிழமை பெங்களூரு போறாரு. வர நாலு நாளாவும். கொட்டாயில ஒரு காரு சும்மா நிக்குது. நீங்க ஓட்டுவீங்க இல்ல? வாங்க அக்கா."

மகனிடம் வேளாங்கண்ணி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

விடியற்காலையில் பொம்மிடியில் இறங்கினேன். எங்கள் ஊரில் ரயில் நிற்பதற்கு முன்பே மூக்குக்கு ஊர் தெரிந்துவிடும். இங்கே மூக்குக்கு வேலையில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் எதிரே ஒரு மலை, யாரோ இப்போதுதான் கொண்டுவந்து வைத்ததுபோல நின்றது. வானம் தரையைத் தொடுகிற இடம்வரை பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது கொஞ்சம் மூச்சு முட்டலாகத்தான் இருந்தது.

பஸ்ஸின் முதல் படி என் முழங்காலுக்கு மேலே இருந்தது. எந்தக் காலை முதலில் வைப்பது என்று நான் யோசித்துக்கொண்டு நின்றபோது, பின்னால் தக்காளிக் கூடையோடு நின்ற பெண் கேட்டாள்.

"ஆயா, இடுப்பப் புடிச்சுத் தள்ளி வுடட்டுங்களா?"

"இடுப்பைத் தவிர எங்க வேணும்னாலும் தள்ளும்மா," என்றேன்.

தள்ளினாள். கூடையிலிருந்து இரண்டு தக்காளி போனதைத் தவிரச் சேதமில்லை. ஆயா என்று கூப்பிட்டதைத்தான் தர்மபுரி வரும்வரை மன்னிக்க முடியவில்லை.

மதியம் தன் வீட்டில் மாதம்மாள் களி போட்டாள். தட்டில் மீன் இல்லாவிட்டால் எனக்குச் சாப்பிட்டதாகவே தோன்றாது. தேங்காய் அளவுக்குக் கேழ்வரகுக் களி, நடுவில் குழி, குழியில் அவரைக்கொட்டைக் குழம்பு. நான் மென்றுகொண்டிருந்தேன்.

"மெல்லக் கூடாதுங்க அக்கா. முழுங்கணும். மெல்லறத்துக்கு அதுல என்னா இருக்குது?"

விழுங்கினேன். மறுநாள் காலைவரை பசி என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வரவில்லை.

சாப்பிட்டதும் கொட்டாய்க்குப் போனோம். மேலே கிடந்த சாக்குகளை விலக்கியதும் நான் பிடித்துக்கொள்ள ஒரு தூணைத் தேடினேன். நல்ல சிவப்பில், இரண்டே இருக்கைகளோடு, தரையோடு தரையாகப் படுத்திருந்தது அது. கூரை இல்லை, இருந்த துணியை எலி தின்றுவிட்டது. கதவு என் தொடை உயரம்கூட வரவில்லை. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊரைவிட்டுப் போகும்போது விற்றதாம். வேறு யாரும் வாங்கிவிடக் கூடாது என்பதற்காகவே சின்னசாமி வாங்கினாராம். வருஷத்துக்கு ஒரு தடவை ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைப்பதோடு சரி.

"மாதம்மா, இது காரா, சாப்பாட்டுத் தட்டா?"

"காருதாங்க. ஆரன் அடிக்குது."

எங்களுக்கு ஆஸ்பத்திரியில் போட்ட சட்டம் மூன்று. குந்தக் கூடாது. கால் மேல் கால் போடக் கூடாது. முழங்காலைவிட இடுப்பு கீழே போகும்படி எதிலும் உட்காரக் கூடாது. மீறினால் புது மூட்டு கிண்ணத்தைவிட்டுக் கழன்றுவிடும். மறுபடியும் மேஜையில் படுக்க வேண்டியதுதான். இந்தக் கார் மூன்றாவது சட்டத்தை மீறுவதற்காகவே செய்யப்பட்டிருந்தது.

ஆனால் மாதம்மாள் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள். ஒவ்வொரு இருக்கையிலும் இரண்டு இலவம்பஞ்சுத் தலையணை. அதன்மேல் மடித்துப் போட்ட ஒரு யூரியா சாக்கு. சாக்கு வழுக்கும். கதவைத் திறந்து, முதுகைக் காட்டி உட்கார்ந்து, இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கி ஒரு சுற்று சுற்றினால் உள்ளே வந்துவிடலாம். செய்து பார்த்தோம், வந்துவிட்டோம். முன் கண்ணாடிக்கு மேலே எங்கள் இரண்டு தலையும் தெரிந்தன, மாதா கோயில் சப்பரத்தில் வைத்த சுரூபங்கள் மாதிரி.

டிராக்டர் ஓட்டுகிற முனியப்பன், டிராக்டரின் பேட்டரியைக் கழற்றி இதில் மாட்டிக் கொடுத்தார். மறுநாள் காலையில் பின்னாலிருந்து தள்ளியும் விட்டார். தள்ளும்போதே, "நான் ஒண்ணையும் பாக்கலைங்க, நான் ஒண்ணையும் பாக்கலைங்க," என்று சொல்லிக்கொண்டு ஓடி வந்தார்.

பாப்பாரப்பட்டிச் சந்தையில் வளையல் வாங்க நிறுத்தினோம். இறங்கவில்லை. இறங்கினால் திரும்ப ஏற நேரமாகும். எனவே சந்தை எங்களிடம் வந்தது. முதலில் நான்கு பேர், பிறகு நாற்பது பேர்.

"ஏங்க, சினிமா எடுக்கறாங்களா?"

"ஆமா," என்றேன்.

"யாருங்க கதாநாயகி?"

"நான்தான்."

கேட்டவர் என்னைப் பார்த்தார், மாதம்மாளைப் பார்த்தார், படம் ஓடாது என்று தீர்மானித்துவிட்டு நகர்ந்தார்.

வளையல்காரம்மா பெட்டியோடு வந்து குனிந்தாள். எந்த அளவு என்று கேட்டாள். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த மாதம்மாள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். மகளின் கையைப் பிடித்து இரண்டு வருஷமாகிவிட்டது.

"முன்னல்லாம் ரெண்டேகாலு போடுவா," என்றாள். "இப்ப தெரியலைங்க."

"மாசமா இருக்கற பொண்ணுங்களா? கை பூரிச்சிருக்கும். ரெண்டரை வாங்குங்க."

மாதம்மாள் இரண்டு அளவிலும் வாங்கினாள். பச்சையும் சிவப்புமாக அந்தக் கண்ணாடி வளையல்களை மடியில் வைத்துக்கொண்டு, சித்தேரி மலை வரும்வரை ஒரு கையால் அவற்றையும் மறு கையால் கதவையும் பிடித்தபடியே வந்தாள்.

தர்மபுரி தாண்டியதும் என் கேள்வியைக் கேட்டேன். ஊரெல்லாம் பார்க்கும்படி இதில் போவதற்குப் பதிலாக, வாடகைக்கு ஒரு சாதாரணக் கார் எடுத்திருக்கலாமே? பஸ்ஸில் போயிருக்கலாமே?

"பஸ்ஸுலயா? அந்த பஸ்ஸுக்கு என் மருமவந்தாங்க கண்டக்டரு. மூஞ்சியே பாக்காத மருமவங்கிட்ட டிக்கெட்டு வாங்கிட்டா மொதமொதல்ல வூட்டுக்குப் போவாங்க?"

"சரி, வாடகைக் கார்?"

மாதம்மாள் வளையல்களை மடிக்குள் இன்னும் இழுத்து வைத்துக்கொண்டாள். "என் வூட்டு வண்டி அவ வாசல்ல நிக்காதுன்னு அண்ணன் சொல்லிட்டாருங்க. எல்லார் முன்னாலயும். அதான் அவரு வூட்டு வண்டியிலயே போறன். ஒளிஞ்சு போவக் கூடாதுங்க அக்கா. தெரிஞ்சு போவணும்."

அதன் பிறகு நான் ஹாரனைத் தாராளமாகவே அடித்தேன்.

ஜீப்பில் உட்கார்ந்தால் ரோடு கீழே இருக்கும். இதில் ரோடு பக்கத்தில் இருந்தது. லாரிச் சக்கரங்களின் நட்டுகளை எண்ணலாம். ஆடுகள் எங்களைச் சமமாக நேருக்கு நேர் பார்த்தன. டீக்கடைகளில் எல்லாரும் எங்களிடம் பேசக் குனிய வேண்டியிருந்தது. ஆறு மாதமாகக் குனியக் கூடாது, குந்தக் கூடாது என்று கேட்டே காது புளித்த இருவருக்கும் அதைப் பார்க்கப் பரம திருப்தி.

மலை ஏறத் தொடங்கியதும் விளையாட்டு குறைந்தது. ரோடு என்பது அங்கங்கே இருந்தது. மற்ற இடங்களில் கல்தான். காரின் அடிவயிறு ஒவ்வொரு கல்லையும் விசாரித்துக்கொண்டு போனது. ஏழாவதோ எட்டாவதோ வளைவில் என் வலது கால் மரத்துப்போனது. முன்னால் ஒரு மாடு. பிரேக்கை மிதித்தேன் என்றுதான் நினைத்தேன். கால் நான் நினைத்த இடத்தில் இல்லை. எஞ்சின் நின்றுவிட்டது. கார் மெதுவாகப் பின்னால் போக ஆரம்பித்தது. இடது பக்கம் பள்ளம்.

இரண்டு கையாலும் தொடையைத் தூக்கி பிரேக்கின் மேல் வைக்கப் பார்த்தேன், முடியவில்லை. செத்தால்கூடப் பரவாயில்லை, இந்த மூட்டு கழன்று பிழைத்துக் கிடந்தால் மகனுக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் அப்போது தோன்றியது. மாதம்மாள் வளையலை மடியிலேயே விட்டுவிட்டு, நடுவில் இருந்த கைப்பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து, கிணற்றில் வாளி இழுப்பதுபோல இழுத்தாள். கார் நின்றது.

பின்னால் இன்னொரு பிரேக் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் எங்களுக்கு இரண்டு முழம் தள்ளி ஒரு பஸ்ஸின் மூக்கு. விசிலை ஊதிக்கொண்டே கண்டக்டர் குதித்து வந்தார்.

"யாருய்யா அது! ஓட்டத் தெரியலன்னா ஓரமா வுடுய்யா! என்னா வண்டி இது, தவளையாட்டம்?" பக்கத்தில் வந்து குனிந்ததும்தான் நாங்கள் பெண்கள் என்று தெரிந்தது. "யாரும்மா நீங்க?"

மாதம்மாள் அவரை உற்றுப் பார்த்தாள். ராணி அனுப்பிய கல்யாண போட்டோவை எத்தனை தடவை பார்த்திருப்பாளோ.

"நீங்க அந்தோணிதானுங்களே? நான் ராணியோட அம்மாங்க."

விசில் அவர் வாயிலிருந்து விழுந்து, கயிற்றில் தொங்கியது. பிறகு பஸ்ஸைப் பார்த்துக் கத்தினார். "எல்லாரும் எறங்குங்க! என் மாமியார் வந்திருக்காங்க, தள்ளணும்!"

முப்பது பேர் தள்ளி எங்களை மேட்டில் ஏற்றினார்கள். அதற்குள் என் கால் எனக்குத் திரும்பக் கிடைத்தது. மிச்ச வளைவுகளில் நாங்கள் முன்னால், பஸ் காவலுக்குப் பின்னால். ஊர் எல்லையில் ஒரு கல் சைலன்சரைப் பிடுங்கிக்கொண்டது. அதன் பிறகு கார் போட்ட சத்தத்தில், சித்தேரியில் தூங்கிக்கொண்டிருந்த நாய்கூட மிச்சமில்லாமல் வந்து எங்களை வரவேற்றது.

ராணி வாசலுக்கு ஓடி வந்தாள். மாதம்மாளால் சட்டென்று எழுந்து கட்டிக்கொள்ள முடியாது. முதலில் காலைச் சுற்றி வெளியே போட வேண்டும், பிறகு இரண்டு பேர் பிடிக்க வேண்டும். அதற்குப் பொறுமையில்லாமல் ராணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு காரின் பக்கத்தில் மண்டியிட்டுவிட்டாள். நான் எஞ்சினை அணைத்துவிட்டு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாசலில் கார் நன்றாகத்தான் நின்றது.

சாமைச் சோறும் கொள்ளு ரசமும் சாப்பிட்டோம். சாமை நம் அரிசி மாதிரி குழைந்து கொஞ்சாது; உதிரி உதிரியாகத் தன் மரியாதையோடு இருக்கும். இரண்டரை அளவு வளையல் ராணியின் கைக்குச் சரியாக இருந்தது. மாதம்மாள் அதை அளவு பார்க்க என்று போட்டு, உடனே கழற்றிவிட்டாள். நல்ல நேரம் மறுநாள் பன்னிரண்டு மணி.

மறுநாள் பத்து மணி பஸ்ஸில் சின்னசாமி வந்து இறங்கினார். பாப்பாரப்பட்டியிலிருந்து யாரோ பெங்களூருக்கு டிரங்க் கால் போட்டிருக்கிறார்கள். சந்தையில் உங்கள் காரை வைத்து சினிமா எடுக்கிறார்கள் என்று. உள்ளே தங்கை இருந்தாள் என்று கேட்டதும் கார் எங்கே போகும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பின்னால் அந்தோணி அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். வரும் வழியில் சின்னசாமி கண்டக்டரைக் கூப்பிட்டு, "சித்தேரியில அந்தோணின்னு ஒருத்தன் வூடு எங்க இருக்குது?" என்று கேட்டிருக்கிறார். "நாந்தானுங்க," என்று சொல்லிவிட்டு அந்தோணி தன் சீட்டை அவருக்குக் கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு மலை முடியும்வரை இருவரும் பேசவில்லை.

ஆள் பெரிய ஆள். உயரமும் அகலமும் போட்டி போட்டு வளர்ந்தவர். வீட்டுக்குள் வரவில்லை. காரின் பக்கத்தில் நின்றார்.

"யாரக் கேட்டு வண்டிய எடுத்த?"

மாதம்மாள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். "நீங்கதானே அண்ணா சொன்னீங்க, உங்க வூட்டு வண்டி இந்த வாசல்ல நிக்காதுன்னு? நிக்குமான்னு பாக்கலாம்னுதான் ஓட்டியாந்தோம். நிக்குது."

எனக்குச் சிரிப்பு வந்தது. ராணியின் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. அவள் ஒரு சொம்பு தண்ணீரோடு படியிறங்கி வந்தாள்.

"மாமா, தண்ணி. பன்னெண்டு மணிக்கு வளையல் போடறாங்க. தாய்மாமன் நீங்க இருந்தா..."

அவர் சொம்பைப் பார்க்காமல் எதிர் மலையைப் பார்த்தார். அவள் சொம்பை நீட்டியபடியே நின்றாள்.

"ஏறு வண்டியில," என்றார் தங்கையிடம்.

"நான் வரலைங்க. புள்ள பொறக்கற வரைக்கும் இங்கதான் இருக்கப் போறன்."

"அப்ப நீ இரு. என் வண்டி இங்க நிக்கக் கூடாது."

கதவைத் திறந்து ஸ்டியரிங்குக்குப் பின்னால் தன்னைச் செலுத்தினார். பாதி போனார். ஸ்டியரிங்கும் தொந்தியும் ஒன்றையொன்று விட மறுத்தன. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. கடைசியில் அந்தோணி குனிந்து, அவர் மார்பைச் சுற்றிக் கட்டிப்பிடித்து, கன்னத்தோடு கன்னம் உரச இழுத்துத்தான் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. எடுத்துவிட்டு, அவர் சட்டை மடிப்பையும் நீவிவிட்டார்.

"நீங்க ஓட்டுங்கம்மா," என்றார் சின்னசாமி என்னிடம், யாரையும் பார்க்காமல்.

மாதம்மாள் எனக்குத் தலையசைத்தாள். வேறு வழியில்லை. எங்கள் பாடத்தை அவருக்கு நடத்தினேன். முதுகைக் காட்டி உட்காருங்க, ரெண்டு காலையும் சேத்துத் தூக்குங்க, சாக்கு மேல சுத்துங்க. சொன்னதையெல்லாம் செய்தார். இரண்டு தலையணையின் மேல் அவர் உட்கார்ந்தபோது, மலைக்குப் பக்கத்தில் இன்னொரு மலை மாதிரி இருந்தது.

இறக்கம் முழுவதும் சைலன்சர் இல்லாத எஞ்சின் மட்டும் பேசியது. அவர் இரண்டு கையாலும் முன் பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வளைவிலும் என் காலுக்குக் கட்டளை போட்டுக்கொண்டே ஓட்டினேன். முதல் நாள் நின்ற வளைவில், பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். ஏதோ கேட்டார், சத்தத்தில் காதில் விழவில்லை.

அடிவாரத்தில் ஒரு டீக்கடை. என் கால் ஓய்வு கேட்டது. நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். கடைக்காரர் இரண்டு கிளாஸ் டீயைக் கொண்டுவந்து குனிந்து கொடுத்தார். சின்னசாமி பாதி குடித்தார். மேலே வளைந்து போகிற ரோட்டைப் பார்த்தார். மீதியும் குடித்தார்.

"ஏம்மா."

"சொல்லுங்க."

"துண்ட மேலயே வுட்டுட்டு வந்துட்டன்."

துண்டு அவர் தோளில் இருந்தது. சொல்லிக்கொண்டே அதன் முனையால் வாயைத் துடைத்தார். துடைத்த பிறகு கையில் இருப்பதைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"நல்ல துண்டா?" என்று கேட்டேன்.

"பட்டுக்கரைங்க."

"அப்ப விட்டுட்டுப் போகக் கூடாது."

ரிவர்ஸ் கியர் இரண்டு தடவை விழ மறுத்தது. மூன்றாவது தடவை விழுந்தது. கடைக்காரர் கிளாஸ்களை வாங்கிக்கொள்ள ஓடி வந்தார். கார் மலையைப் பார்த்துத் திரும்பியதும், சின்னசாமி தோளிலிருந்து துண்டை எடுத்தார். நான்காக மடித்தார். தலையணைக்கு அடியில், வெளியே தெரியாதபடி சொருகினார்.

"பன்னெண்டு மணின்னுதானுங்களே சொன்னாங்க?"

"ஆமா."

"கொஞ்சம் வேகமா ஓட்டுங்க."